தூக்கிய கை: ராக், ப்ளூஸ் கச்சேரிகளில் ரசிகன் எடுக்கும் வீடியோ பற்றி

1

சிகாகோவில் ஜனவரி மாத ராத்திரியில் வெளியே போக ஒருவனுக்கு உறுதியான காரணம் வேண்டும். ஆன்சைட் வேலையாக நேப்பர்வில்லில் இருந்த அந்தக் குளிர்காலத்தில் எனக்கு இருந்த காரணம் பட்டி கய். வருடம் முழுக்க ஊர் ஊராகப் போய் வாசிக்கிறவர், ஜனவரியில் தன் சொந்த க்ளப்பிலேயே வாசிப்பார். தெற்கு வாபாஷ் அவென்யூவில் இருக்கிறது அந்த லெஜண்ட்ஸ். சுவரெல்லாம் பெரிய ஆட்கள் கொடுத்துவிட்டுப் போன கிட்டார்கள். மெட்ரா ரயிலைப் பிடித்து, யூனியன் ஸ்டேஷனில் இறங்கி, காது மரத்துப்போக நடந்து, சீக்கிரமே வரிசையில் நின்று, மேடையிலிருந்து நாலாவது மேஜையில் ஓரமாக ஓர் இடம் பிடித்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு கறுப்பினப் பாட்டி. எழுபது இருக்கும். வறுத்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டே, "முதல் தடவையா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவன் கீழ இறங்கி வருவான். பயந்துடாத" என்றார்.

வந்தார். ஒரு மெதுவான ப்ளூஸின் நடுவில், வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி மேஜைகளுக்கு இடையே நடந்தார். இது அவருடைய பழைய பழக்கம். லூசியானாவில் பையனாக இருந்தபோது பேட்டன் ரூஜில் கிட்டார் ஸ்லிம் என்பவரின் கச்சேரிக்குப் போயிருக்கிறார். கிட்டார் சத்தம் கேட்கிறது, ஆளைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து ஸ்லிம் நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்தாராம். அன்றே பட்டி கய் முடிவெடுத்துவிட்டார், இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று. 1957இல் சிகாகோ வந்த அந்தப் பையனுக்குப் பேரும் புகழும் வந்த பிறகும் இறங்கி நடப்பதை விடவில்லை. ஒயருக்குப் பதில் வயர்லெஸ் வந்ததுதான் மாற்றம்.

எங்கள் மேஜை அருகே நின்றார். கையெட்டும் தூரம். விரல் நரம்பு தெரிகிறது. நான் என்ன செய்தேன்? ஃபோனைத் தூக்கினேன். என்னைச் சுற்றி இருபது முப்பது கைகள் ஏற்கெனவே மேலே போயிருந்தன. மூன்று நிமிடம் நாற்பது விநாடி பிடித்தேன். ஃப்ரேமுக்குள் அவர் தலை வெட்டுப்படாமல் இருக்கிறதா என்பதுதான் என் முழுக் கவலையும். அவர் நகர்ந்து பார் கவுன்ட்டர் பக்கம் போனதும்தான் தோன்றியது: ஒரு மனிதர் என் முன்னால் நின்று வாசித்திருக்கிறார், நான் அவரை ஆறு அங்குலத் திரையில் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை வீடியோவைப் போட்டால் அது வேறு ஏதோ கச்சேரி மாதிரி இருந்தது. படம் பரவாயில்லை, பிரச்சினை சத்தத்தில்தான். பட்டி கய்யின் முழு வித்தையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. திடீரென்று கிட்டாரைக் கிசுகிசுப்புக்கு இறக்குவார். கூட்டத்தில் யாராவது பேசினால் வாயில் விரல் வைத்து அடக்குவார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஆம்ப் கிழிகிற மாதிரி ஒரு அடி. அந்த இறக்கம் இல்லாமல் இந்த அடிக்கு அர்த்தமே கிடையாது.

ஃபோனோ பேச்சைப் பதிவு செய்வதற்காக வடிவமைக்கப்பட்ட ஜந்து. மெல்லிய சத்தம் வந்தால் தானாகவே உயர்த்தும், பெரிய சத்தம் வந்தால் அமுக்கும். அம்மா கிசுகிசுத்தாலும் கேட்க வேண்டும், மேனேஜர் கத்தினாலும் காது கிழியக் கூடாது. ஃபோன் பேசுவதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டி கய் கிசுகிசுக்குப் போகும் இடத்தில் என் வீடியோவில் தட்டில் முள்கரண்டி உரசும் சத்தமும் யாரோ பீர் ஆர்டர் செய்வதும் மேலெழுந்து வருகின்றன. பெரிய அடி விழும் இடத்தில் மொத்தமும் ஒரு தகர டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எதைக் கேட்க ரயிலேறிப் போனேனோ அதை மட்டும் குறிபார்த்து அழித்துவிட்டு, மீதியை நன்றாகப் பதிவு செய்திருந்தது என் ஃபோன்.

2

இந்த இடத்தில் வழக்கமான உபதேசம் வரும். ஃபோனைக் கீழே வை, கண்ணால் பார், அந்தக் கணத்தில் வாழ். இதற்கு ஆராய்ச்சி ஆதரவும் உண்டு. லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவு வைத்திருந்தார்கள். கேமரா ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று மூளை வேலையை ஒப்படைத்துவிடுகிறது போல. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஏதாவது ஒரு பகுதியை நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை.

2017இல் அலிக்சாண்ட்ரா பராஷும் சகாக்களும் செய்த ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. விருப்பப்பட்டுப் படமெடுப்பவர்களுக்குக் கண்ணால் பார்த்தது கூடுதலாக நினைவிருக்கிறது, காதால் கேட்டது குறைகிறது. அருங்காட்சியகத்தில் இது லாபமாக இருக்கலாம். கச்சேரியில் இதைவிட மோசமான பேரம் கிடையாது.

இசைக்கலைஞர்களில் சிலர் சட்டமே போட்டுவிட்டார்கள். ஜாக் ஒயிட் 2018 சுற்றுப்பயணத்தில் எல்லார் ஃபோனையும் பூட்டுப் பைக்குள் போட வைத்தார். கிங் க்ரிம்ஸன் வேறு வழி வைத்திருந்தார்கள். கச்சேரி முடியும்போது பேஸ் வாசிக்கும் டோனி லெவின் தன் கேமராவை எடுத்துப் பார்வையாளர்களைப் படம் பிடிப்பார். அவர் எடுத்தால் நீங்களும் எடுக்கலாம், அதற்கு முன் கூடாது. பஃபே கல்யாணத்தில் மாப்பிள்ளை சாப்பிட்ட பிறகுதான் தட்டைத் தொடலாம் என்பது மாதிரி. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது.

ஆனாலும் உபதேசக் கட்சியில் என்னால் சேர முடியவில்லை. காரணம் எளிமையானது. எனக்கு இந்த இசையைக் கற்றுக்கொடுத்ததே யாரோ தூக்கிய கைகள்தான். இன்ஜினியரிங் ஹாஸ்டலில் எங்கள் லேனில் ஒரு சீனியர் ஃபோல்டர் ஒன்று ஷேர் செய்து வைத்திருந்தான். ஸ்டூடியோ ஆல்பங்கள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த கச்சேரிகள், ஆடுகிற வீடியோக்கள், முன்னால் நிற்பவன் மண்டை பாதித் திரையை மறைக்கும் சமாச்சாரங்கள். தமிழ்நாட்டில் ஒரு செமஸ்டர் அரியரோடு உட்கார்ந்திருக்கும் பையனிடம் ஓஹையோவில் நடந்த கச்சேரி எப்படி வந்து சேர்ந்தது என்று அப்போது யோசிக்கவே இல்லை. லேனில் இருந்தது, காப்பி பண்ணினோம், அவ்வளவுதான். அந்தக் கை யாருடையது என்ற கேள்வி லெஜண்ட்ஸில் என் வீடியோ பாழான பிறகுதான் வந்தது.

3

எழுபதுகளில் கச்சேரியைப் பதிவு செய்வது உடம்புக்கு ஆபத்தான காரியம். லெட் செப்பலின் மேனேஜர் பீட்டர் கிராண்ட், ஆஜானுபாகுவான மனிதர், ரெக்கார்டரைப் பார்த்தால் உடைத்துவிடுவார். 1971இல் கனடாவின் வான்கூவரில் கூட்டத்துக்குள் ஒரு கருவியைக் கண்டதும் பாய்ந்து நொறுக்கினார். பிறகுதான் தெரிந்தது, ஒலி மாசு அளக்க வந்தவர்களின் கருவி அது.

இந்த நிலைமையில்தான் லாஸ் ஏஞ்சல்ஸில் மைக் மில்லார்ட் என்ற ரசிகர் ஒரு சக்கர நாற்காலியில் வருவார். நடக்க முடியாதவர் அல்ல. நாற்காலிக்குள் நாகமிச்சி கேசட் ரெக்கார்டர் ஒளிந்திருக்கும். நண்பர்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள். 1977 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம் அரங்கில் லெட் செப்பலினை அவர் இப்படிப் பதிவு செய்தது ரசிகர்களிடையே இன்றும் புராணம் மாதிரிப் பேசப்படுகிறது. 1975 ஏப்ரலில் அதே ஊரில் பிங்க் ஃப்ளாய்டை அவர் பதிவு செய்த டேப்பை, அரை நூற்றாண்டு கழித்து, 2025இல், பிங்க் ஃப்ளாய்டே தங்கள் ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்து வெளியிட்டார்கள். ஸ்டீவன் வில்சன் அதைச் சுத்தம் செய்து கொடுத்தார். வாசலில் பிடிபட்டிருந்தால் வெளியே தள்ளப்பட்டிருக்கும் ஒருவருடைய கேசட், கடைசியில் குழுவின் அதிகாரபூர்வமான நினைவாகிவிட்டது. மில்லார்ட் 1994இலேயே இறந்துவிட்டார்.

கிரேட்ஃபுல் டெட் வேறு மாதிரி. பதிவு செய்பவர்களை விரட்டிப் பார்த்தார்கள், கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்தார்கள். மைக் கம்பங்கள் காடாக வளர்ந்து பின்னால் இருப்பவர்களுக்கு மறைத்தன. 1984 அக்டோபரில் பதிவு செய்பவர்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கிவிட்டார்கள், சவுண்ட் போர்டுக்குப் பின்னால். எழுதப்பட்ட, எழுதப்படாத விதிகள் உண்டு. விற்கக் கூடாது. கேட்பவனுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு டேப் இல்லாதவன் வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பதிவு செய்பவரின் விரதம். மைக் பக்கத்தில் நிற்பவர் கைதட்ட முடியாது. கூடப் பாட முடியாது. இருமல் வந்தால் அடக்க வேண்டும். கேசட்டின் பக்கம் முடியும் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே கேட்க வேண்டும், நீண்ட சோலோவின் நடுவில் திருப்ப வேண்டி வந்துவிட்டால் அந்த வெட்டு என்றென்றைக்கும் அங்கேயே இருக்கும். வீட்டுக்குப் போய்த் தேதி, அரங்கம், பாடல் வரிசை, எந்த மைக், எங்கே நின்றேன், இது எத்தனையாவது காப்பி எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒவ்வொரு காப்பிக்கும் இரைச்சல் கூடும் என்பதால் தலைமுறைக் கணக்கு அவசியம். கேசட் போய் டிஜிட்டல் வந்த பிறகும், 2002இல் இன்டர்நெட் ஆர்க்கைவில் கச்சேரிப் பதிவுகளுக்கான பகுதி தொடங்கிய பிறகும், இந்தக் குறிப்பு எழுதும் பழக்கம் போகவில்லை. என் டீமில் கமிட் மெசேஜில் "ஃபிக்ஸ்" என்று மட்டும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வரும்.

அதாவது, அந்த ராத்திரி அவர்களும் கச்சேரியை முழுசாக அனுபவிக்கவில்லை. என்னை மாதிரியே கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உபதேசக் கட்சியின் அளவுகோலில் அவர்களும் குற்றவாளிகள்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவர்கள் இழந்தது யாருக்கோ போய்ச் சேர்ந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு, அங்கே வர முடியாதவனுக்கு, அப்போது பிறந்தே இருக்காத ஹாஸ்டல் பையனுக்கு. நான் லெஜண்ட்ஸில் எடுத்தது யாருக்கு? நேர்மையாகச் சொன்னால், ஸ்டேட்டஸில் போடுவதற்கு. "நான் அங்கே இருந்தேன்" என்பதற்கான ரசீது. சூப்பர் மார்க்கெட் ரசீதை யாரும் ரசித்துப் படிப்பதில்லை, அதனால் எழுத்து மங்கலாக இருந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. கச்சேரி வீடியோக்கள் பெரும்பாலும் மோசமாக இருப்பதற்கு ஃபோன் மட்டும் காரணம் இல்லை. அவை கேட்கப்படுவதற்காக எடுக்கப்படவே இல்லை.

4

ரசிகனின் வீடியோ எப்படி எடுத்தாலும் தொழில்முறைப் படத்துக்கு ஈடாகுமா என்று கேட்கலாம். நல்ல ஒப்பீட்டுக்குக் கைவசம் ஒரு படம் இருக்கிறது. மார்ட்டின் ஸ்கார்செஸி 2006இல் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியைப் பிடித்து, 2008இல் வெளியிட்ட 'ஷைன் அ லைட்'. ராபர்ட் ரிச்சர்ட்சன் தலைமையில் ஹாலிவுட்டின் தலைசிறந்த ஒளிப்பதிவாளர்கள் கேமராவுக்குப் பின்னால். அதில் ஒரு பாட்டுக்கு பட்டி கய் வருகிறார், மடி வாட்டர்ஸ் பாட்டு. மேடையில் வேறு யாரும் இல்லாத மாதிரி அவர் முகத்தை விட்டு நகர மனசில்லாமல் நிற்கிறது கேமரா. முடிந்ததும் கீத் ரிச்சர்ட்ஸ் தன் கிட்டாரைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிடுகிறார். நான் பார்த்த கச்சேரிக் காட்சிகளில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று.

இருந்தாலும் முழுப் படத்தையும் பார்த்தபோது ஒரு குழப்பம் வந்தது. நான் எங்கே நிற்கிறேன்? கேமரா ட்ரம்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, ஜாகரின் தோளில் இருக்கிறது, கூரையிலிருந்து இறங்குகிறது. எல்லா இடத்திலும் இருப்பதால் எந்த இடத்திலும் இல்லை. கச்சேரிக்குப் போன எந்த மனிதனும் அப்படிக் கச்சேரி பார்த்ததில்லை. ரசிகனுக்கு ஒரே ஒரு இடம்தான். டிக்கெட் எவ்வளவு, எத்தனை மணிக்கு வந்தான், முன்னால் நிற்பவன் எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் பொறுத்துக் கிடைத்த ஒன்றரைச் சதுர அடி. ரசிகனின் வீடியோவுக்கு என்று தனியாக ஒரு மதிப்பு இருக்குமானால் அது இந்த இடத்தில் இருக்கிறது. இசையை அது மோசமாகப் பதிவு செய்கிறது, கேட்பவன் நின்ற இடத்தைத் துல்லியமாகப் பதிவு செய்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துவைத்த ஒரு முயற்சி உண்டு. 2009 ஆகஸ்ட் 23 அன்று ப்ராகில் ரேடியோஹெட் கச்சேரி. ஐம்பது பேர் போல ரசிகர்கள், பேசிவைத்துக்கொண்டு, ஃப்ளிப் போன்ற சின்னக் கேமராக்களோடு கூட்டத்தில் அங்கங்கே நின்று எடுத்தார்கள். பிறகு ஒன்றாகச் சேர்த்து எடிட் செய்தார்கள். செய்தி குழுவுக்குப் போனது. பீட்டர் கிராண்ட் காலமாக இருந்தால் என்ன ஆகியிருக்குமோ, ரேடியோஹெட் தங்கள் சவுண்ட் போர்டு ஒலிப்பதிவையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். 2010இல் இலவசமாக வெளிவந்தது.

பார்த்தால் ஷாட்டுகள் ஆடுகின்றன, நிறம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அடிக்கடி குறுக்கே ஒரு கை வருகிறது. ஆனால் ஒவ்வொரு வெட்டும் ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குப் போகிறது என்பது தெரிகிறது. இடது ஓரத்தில் நின்றவன் கண்டது, பிறகு நடுவில் நின்றவள் கண்டது. ஸ்கார்செஸி படத்தில் கேமராக்கள் பார்க்கின்றன, இங்கே ஆட்கள் பார்க்கிறார்கள். ஒலி மட்டும் சுத்தமாக இருக்கிறது, அது குழு கொடுத்த சீர். இதையே மாதிரியாக வைத்துப் பல குழுக்கள் செய்திருக்கலாம். அபூர்வமாகத்தான் நடந்தது. தனித்தனியாகத் தூக்கிய கைகளை ஒன்று சேர்க்க யாராவது உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

5

இதுவரை எழுதியதை ஒரு நல்ல கருத்தாக வைத்துக்கொண்டு போயிருப்பேன். காது குறுக்கே வந்துவிட்டது.

பெங்களூருக்குத் திரும்பி வந்த சில மாதங்களில் இடது காதில் மெல்லிய விசில் ஒன்று கேட்க ஆரம்பித்தது. முதலில் யூபிஎஸ் என்று நினைத்தேன். பவர் கட்டிலும் கேட்டது. காது மூக்குத் தொண்டை டாக்டர் பெரியவர், பொறுமைசாலி. ஆடியோகிராம் எடுத்துவரச் சொன்னார். காகிதத்தில் ஒரு கோடு நேராகப் போய் 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறியது.

"தம்பி என்ன வேலை பார்க்கறீங்க?"

"சாஃப்ட்வேர் சார்."

"ஃபேக்டரி இல்லையே. பட்டாசு, துப்பாக்கி ஏதாவது?"

"கச்சேரிக்குப் போவேன் சார்."

"கர்நாடிக்கா?"

"ராக் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெரிய சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்புக்கு அந்தப் பள்ளம்தான் கையெழுத்தாம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான் என்று விளக்கினார். நான் மனசுக்குள் பதினைந்து வருடக் கச்சேரிகளைக் கூட்டிப் பார்த்தேன். "போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்திக்குங்க" என்றார்.

ஏன் இடது காது? வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன். 2011 அக்டோபர் 30, பேலஸ் கிரவுண்ட்ஸ், மெட்டாலிகா. இரண்டு நாள் முன்னால் டெல்லிப் பக்கம் நடக்க வேண்டிய கச்சேரி ரத்தாகி ரகளையானதால் பெங்களூரில் நடக்குமா என்றே பயந்திருந்தோம். நடந்தது. நானும் ஹாஸ்டல் நண்பனும் நசுங்கி நசுங்கி முன்னால் போனோம். நோக்கியா ஃபோனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ. படத்தில் இருட்டும் சில மஞ்சள் புள்ளிகளும். சத்தம் வெறும் கரகரப்பு. நண்பன் என் காதில் கத்துவது மட்டும் தெளிவாக இருக்கிறது: "மச்சி, இடது பக்கம் வா, இங்க இடம் இருக்கு!"

கேமரா இடது பக்கம் திரும்புகிறது. ஸ்பீக்கர் கோபுரம் கருப்பாக, மிக அருகில் வருகிறது. மீதி இரண்டு மணி நேரமும் நாங்கள் அங்கேதான் நின்றோம். இடம் ஏன் காலியாக இருந்தது என்று இரண்டு இன்ஜினியர்களுக்கும் தோன்றவில்லை.

மெட்டாலிகா 2004 முதல் தங்கள் கச்சேரிகளின் சவுண்ட் போர்டு ஒலிப்பதிவைத் தாங்களே விற்கிறார்கள். பாட்டைக் கேட்க வேண்டுமானால் என் கரகரப்பை யாரும் தேட வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய சுத்தமான பதிவில் அந்த ஒன்றரைச் சதுர அடி இல்லை. அது என் ஃபைலில் மட்டும் இருக்கிறது. என் காதுக்கு என்ன நடந்தது என்பதற்கான ஒரே ஆவணம் அது. ஒரே ராத்திரியில் நடந்த சேதமாக இருக்காது, தெரியும். ஆனாலும் ஆடியோகிராமின் பள்ளத்துக்கு ஒரு முகவரி கொடு என்றால் நான் அந்தக் கோபுரத்தைத்தான் காட்டுவேன்.

தொழில் புத்தியில், அந்த ஒலியை ஆடாசிட்டியில் போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்தேன். எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் என்பதை நிறத்தில் காட்டும் படம் அது. 4000 ஹெர்ட்ஸை ஒட்டி, சிம்பல் அடிகள் விழும் இடங்களில், வெளிச்சக் கீற்றுகள் வரிசையாக நின்றன. ஹெட்ஃபோனின் வலது பக்கத்தைக் கழற்றிவிட்டு இடது காதில் மட்டும் கேட்டேன். கீற்று கடந்து போகிறது, அடி எங்கோ பஞ்சுக்குள் விழுகிறது. வலது காதுக்கு மாற்றினால் பளிச்சென்று இருக்கிறது. 2011இல் இருபத்தோரு வயசுப் பையன் ஒருவன் ரசீதாக எடுத்த ஒன்று, அவன் கேட்ட மாதிரி கேட்க முடியாத இன்னொருவன் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. பதிவு என்பது அங்கே இல்லாதவருக்காக என்று மேலே எழுதினேன் அல்லவா. அந்த இல்லாதவர் நானாகவே இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

6

ப்ளூஸில் பதிவின் கதை முதலிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறது. 1941இல் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் மிசிசிப்பியில் ஒரு பருத்திப் பண்ணைக்குப் போய், டிராக்டர் ஓட்டும் ஓர் இளைஞனைப் பாட வைத்து வட்டில் பதிவு செய்தார்கள். பிறகு அவனுக்கே இரண்டு பிரதிகளும் இருபது டாலரும் அனுப்பிவைத்தார்கள். தன் குரலை வெளியிலிருந்து கேட்டபோதுதான், நம்மாலும் முடியும் என்று அவனுக்குத் தோன்றியதாம். 1943இல் சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டான். அவன்தான் மடி வாட்டர்ஸ். பின்னாளில் பசியோடு சிகாகோ வந்து நின்ற பட்டி கய்யுக்கு சாண்ட்விச் கொடுத்துத் தேற்றியவரும் அவரே. அந்த இரண்டு வட்டுகளும் தபாலில் போகாமல் அலமாரியிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஆனால் அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் கச்சேரிக்கு இயர் ப்ளக் போட்டுக்கொண்டு போகிறேன். ஒரே ஒரு பாட்டை எடுக்கிறேன், முழுசாக, ஃபோனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்காமல். பதிவுச் செயலியில் தானாக ஏற்றி இறக்கும் அமைப்பை அணைத்துவிடுகிறேன், பெங்களூரின் சின்ன க்ளப்புகளில் அதுவே பெரிய வித்தியாசம். வாசித்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறேன். பலர் பதில் போடுவதில்லை. ஒரு ட்ரம்மர் மட்டும், "அந்த இடத்துல நான் ரொம்ப வேகமாப் போறேன்ல ப்ரோ" என்று எழுதினார். எனக்கு அது போதும். மற்ற பாட்டுகளுக்குக் கையைக் கீழே வைத்துக்கொள்கிறேன்.

லெஜண்ட்ஸ் வீடியோவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அதில் பட்டி கய்யின் தோளுக்குப் பின்னால், ஃப்ரேமின் வலது ஓரத்தில், சிவப்பு ஸ்வெட்டர் பாட்டி இருக்கிறார். அவர் கையில் ஃபோன் இல்லை. நெஞ்சில் கை வைத்து, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் அப்போது கவனிக்கவில்லை, அவர் கவனித்திருக்கிறார். கிளம்பும்போது, "அதுல நானும் இருப்பேன் இல்லையா கண்ணு? எனக்கு அனுப்பு" என்று சொல்லி, பேப்பர் நாப்கினில் மின்னஞ்சல் முகவரி எழுதிக் கொடுத்தார். கோட்டுப் பாக்கெட்டில் வைத்தேன். வீடியோ நன்றாக வரவில்லை என்று பார்த்ததும் அனுப்புவதில் ஆர்வம் போய்விட்டது, அப்புறம் அனுப்பலாம் என்று விட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தேடியபோது கோட்டு லாண்டரிக்குப் போய்த் திரும்பியிருந்தது. பாக்கெட்டில் வெள்ளையாகத் துருவல் மாதிரி ஏதோ இருந்தது.

சத்தம் எனக்குத்தான் பாழ். அவருக்கு அந்த வீடியோவில் வேண்டியதெல்லாம் இருந்தது. பழைய டேப்காரர்கள் மாதிரி ஒரு குறிப்பு எழுதி ஃபைலோடு வைத்திருக்கிறேன்: மாதம் ஜனவரி, இடம் வாபாஷ், மேடையிலிருந்து நாலாவது மேஜை, வலது ஓரம், சிவப்பு ஸ்வெட்டர். அடுத்த முறை சிகாகோ போனால் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.